ருக்மணிக்குத் தள்ளிப்போன ஒரு வருஷம்

1. எட்டாத கை

ஐம்பதுகளின் நடுவில், ஹையர் கிரேடு டிரெயினிங் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் போஸ்டிங் பொன்னேரிக்குப் பக்கத்தில் உள்ள ஆரணி. நெசவாளர் தெருவை ஒட்டி, ஓடு வேய்ந்த எலிமெண்டரி ஸ்கூல். எனக்கு ஒன்றாம் வகுப்பு. நான் வேலையில் சேர்ந்த அன்று அட்மிஷன் நடந்துகொண்டிருந்தது.

பிறந்த தேதி சொல்லத் தெரிந்தவர்கள் அப்போது குறைவு. பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது முடிந்துவிட்டது என்று கணக்கு.

முனுசாமி என்ற நெசவாளி, மனைவி தனத்தோடு மூத்த மகள் ருக்மணியை அழைத்து வந்திருந்தார். வயது ஐந்தைத் தாண்டிவிட்டது என்று தனம் அடித்துச் சொன்னாள். ஆனால் கோடையில் டைபாய்டு வந்து பிழைத்த பிள்ளை. முடி கொட்டி, கழுத்து குச்சியாக இருந்தது. விரல் காதுக்கு எட்டவில்லை. அவள் தலையைச் சாய்த்து, காதைக் கையிடம் கொண்டுபோகப் பார்த்தாள்.

ஹெட்மாஸ்டர் பேனாவை மூடினார். "அடுத்த வருஷம் கூட்டிக்கினு வாப்பா. கொழந்த தேறட்டும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முன்பு இப்படித்தான் நோஞ்சான் பையன் ஒருவனை இரக்கப்பட்டுச் சேர்த்தாராம். அவன் ஒன்றாம் வகுப்பிலேயே இரண்டு தடவை ஃபெயிலாகி நின்றுவிட்டான். அது அவர் மனதில் இருந்தது.

முனுசாமி தலையாட்டினார். தனம்தான் விடவில்லை.

"ஊட்ல குந்திக்கினு இருந்தா தார் சுத்த வெச்சிடுவாங்க சார். தறிக்காரங்க ஊட்ல கைய சும்மா உடமாட்டாங்க. அப்பறம் எங்க வரப்போறா?"

"நீ சும்மா இரு. ஜொரத்துல கெடந்து எழுந்த புள்ள. ஒரு வருஷம் போனா இன்னா, குடியா முழுகிப்பூடும்? சார் சொல்றது ஞாயந்தானே" என்றார் முனுசாமி.

பெயர் எழுதாமல் சும்மாவாவது என் வகுப்பில் உட்காரட்டும் என்று நான் கேட்டேன். "மயக்கம் கியக்கம் போட்டு வுழுந்தா யாரு பதில் சொல்றது டீச்சர்?" என்றார் ஹெட்மாஸ்டர். வந்த முதல் நாளில் அதற்கு மேல் என்ன பேசுவது? மூன்று பேரும் திரும்பிப் போனார்கள்.

2. தார்

தறியில் குறுக்காக ஓடும் நூலைச் சின்னக் குச்சிகளில் ராட்டையால் சுற்றிக் கொடுக்க வேண்டும். அதுதான் தார். முனுசாமி வீட்டில் இரண்டு தறி. ஒன்று அவருக்கு, ஒன்று அவர் தம்பிக்கு. தார் சுற்றுவது தனத்தின் வேலை.

ஐப்பசி மழையில் தனத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்தில் உடம்பு கெட்டுப்போய் அவளால் உட்கார முடியவில்லை. அம்மாவுக்கு ஒத்தாசையாக ருக்மணி ஒன்றிரண்டு தார் சுற்றினாள். பொங்கலுக்குப் பிறகு நான் அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் அவள் ராட்டை முன்னால்தான் இருந்தாள். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை.

மறு ஜூனில் அவர்கள் வரவில்லை. ஸ்கூல் விட்டதும் நானே போனேன். முனுசாமி தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். அனுப்பக் கூடாதுன்னு இல்ல. இவ கை நின்னா ரெண்டு தறியும் நின்னுபூடும். சின்னவன் நடக்க ஆரம்பிக்கட்டும், அனுப்பிச்சிர்றேன்."

கைக்குழந்தையோடு உள்ளே படுத்திருந்த தனம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் ருக்மணியிடம் கேட்டேன். "ஸ்கூலுக்கு வர்றியாம்மா?"

அவள் ராட்டையை நிறுத்தவில்லை. "நான் வந்துட்டா தாரு யாரு சுத்துவாங்க டீச்சர்?"

ஒரு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குத் தெம்பு இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தோம். இப்போது அவள் குரலில் குடும்பம் நடத்துகிற பெரிய மனுஷியின் அலுப்பு இருந்தது.

மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். "நல்லதுக்குத்தானே டீச்சர் சொன்னேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரே முனுசாமி வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தார். வெறுங்கையோடு திரும்பினார்.

3. இப்போது நான் கேட்பது

ருக்மணி வரவே இல்லை. ஐந்து வயதில் அவள் தம்பி என் வகுப்பில் சேர்ந்தான். அவனைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டவள் அவள்தான். "நல்லா படிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு ஓடினாள். பிறகு ஊத்துக்கோட்டைப் பக்கம், அங்கேயும் ஒரு தறிக்காரர் வீட்டில், அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்கப்புறம் மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் என்று எத்தனையோ ஸ்கூல்களில் வேலை பார்த்துவிட்டேன். "இந்த வருஷமே சேக்கலாமா, பொறுத்துச் சேக்கலாமா டீச்சர்?" என்று பெற்றவர்கள் கேட்காத ஜூன் மாதம் கிடையாது. நான் திருப்பி ஒன்று கேட்பேன்: "அடுத்த ஜூன் வரைக்கும் கொழந்த ஊட்ல இன்னா பண்ணும்?"

சாப்பிடும், விளையாடும் என்று சட்டென்று பதில் வந்தால், தாராளமாகப் பொறுக்கலாம் என்பேன். அப்படிப் பொறுத்து வந்த பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். பதில் சொல்லாமல் அம்மாக்காரி தன் புருஷன் முகத்தைப் பார்த்தால், அந்தப் பிள்ளையை அன்றைக்கே உட்காரவைக்க வேண்டும் என்பது நான் கற்றுக்கொண்டது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். பாடம் ஏறாவிட்டால் போகிறது. தூங்கினாலும் வகுப்பில் தூங்கட்டும்.