பயப்படுங்க, பதறாதீக

"தங்கச்சி, குருவு எந்திரிக்க மாட்டேங்கா. அந்த வெரல்ல மாட்டுற மெஷின எடுத்துட்டு வாரியா?"

குருவம்மாளின் கணவர் மாடசாமி அண்ணன் கைப்பேசியில் சொன்னது இவ்வளவுதான். காலை நேரம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல் வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம்வரை நின்றது. சில வாரங்களாக ஏதோ ஒரு புது இருமல் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. என்ன இருமல் என்று இன்னும் யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் அந்தச் சின்னக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினேன். அவர் குரலிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் எடுத்துக்கொண்டு போனேன். போய் மாட்டியும் பார்த்தேன். கருவியில் எண் வரவில்லை, வெறும் கோடுதான் வந்தது. வேலைக்குக் கிளம்பத் தலை சீவிக்கொண்டிருந்த குருவம்மாள் அப்படியே கட்டிலில் சாய்ந்தாராம். இதயம் நின்றுவிட்டது என்றார் வந்து பார்த்த மருத்துவர். இஸ்திரி போட்ட சீருடை நாற்காலியில் மடித்து வைத்தபடி இருந்தது.

செவிலியர் குருவம்மாள் போய்விட்டார். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்களான உங்களில் பலருக்கு அவர் ஊசி போட்டிருப்பார். சிலருக்குப் பிரசவம் பார்த்திருப்பார். எல்லோரையும் ஒருமுறையாவது திட்டியிருப்பார். அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லாமலே தெரிந்த ஒன்று உண்டு: அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. அஞ்சலியில் இப்படி எழுதலாமா என்று யோசித்தேன். எழுதலாம். நாலு பேர் கூடிய இடத்தில் அவரே அதைச் சொல்லிக்கொள்வார்.

கொரோனா வந்த புதிதில் எங்களை எல்லாம் கூட்டி வைத்து, காய்ச்சல் வார்டுக்கு யார் யார் என்று பேசினார்கள். வெளியே ஆட்டோவில் ஒலிபெருக்கி 'பயப்பட வேண்டாம், பயப்பட வேண்டாம்' என்று சுற்றிக்கொண்டிருந்தது. பயம் இல்லையே என்று மருத்துவர் ஒவ்வொருவராகக் கேட்க, நாங்கள் எல்லோரும் வரிசையாகப் பொய் சொன்னோம். குருவம்மாள் முறை வந்தது.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு சார். டூட்டி போடுங்க, பாக்கேன். பயம் இல்லைன்னு மட்டும் நெனச்சுக்கிடாதீக."

வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்தவள் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் காவேரி. அவரோ எம். புதுப்பட்டியில் பட்டாசுத் தொழிலாளி வீட்டில் பிறந்து, அந்தக் கூலியிலேயே நர்சிங் படித்தவர்.

"எங்க ஊர்ல செத்தவுக முக்காவாசிப் பேரு தைரியசாலிதான், காவேரி. மருந்துகிட்ட வீரம் காட்டக் கூடாது. பயந்தவ மெதுவா எடுத்து வைப்பா. பதறுனவ கீள போட்டுருவா. பயப்படணும். பதறத்தான் கூடாது."

மருந்து என்று அவர் சொன்னது மாத்திரையை அல்ல. இந்தச் சொல்லில் நான் வந்த புதிதிலேயே வழுக்கி விழுந்திருக்கிறேன். ஒரு அம்மா வந்து, "மருந்து நெஞ்சுல ஏறிருச்சு சிஸ்டர், ஒரே இருமல்" என்றார். நான் அக்கறையாக, என்ன மருந்து, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டேன். வரிசையே சிரித்தது. குருவம்மாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இங்கன மருந்துன்னா வெடிக்கிறது. நாம குடுக்கிறதுக்குப் பேரு மாத்திரை" என்றார். பட்டாசுக்குள் போகும் கந்தகமும் அலுமினியப் பொடியும் வெடியுப்பும் சேர்ந்த கலவைதான் இங்கே மருந்து. அதில் கிடந்து வரும் இருமல் மருந்து இருமல். வீட்டுக்கு ஒருவருக்காவது அது உண்டு. இருமினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தப் பெயர்தான் கொரோனா நாட்களில் குருவம்மாளின் தூக்கத்தைக் கெடுத்தது. மாடசாமி அண்ணன் பட்டாசு ஆலையில் மருந்து கலக்குகிறவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருமிக்கொண்டுதான் இருக்கிறார். "நாளைக்கு அந்த நோவு இவுகளுக்கு வந்தா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? பளைய இருமல் எது, புது இருமல் எதுன்னு யாரு எளுதி ஒட்டியிருக்கா?" என்று என்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பார் தெரியாது. அப்போது யாரிடம்தான் பதில் இருந்தது? சுற்றறிக்கை காலையில் ஒன்று சொல்லும், மாலையில் வேறொன்று வரும். அண்ணனோ கவலையே படவில்லை. "கந்தகத்துக்கு முன்னால கிருமி நிக்குமா குருவு? எங்க மேல வந்து ஒக்காந்தா அதுதான் சாகும்" என்பார். அவர் மட்டுமல்ல, ஆலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைக்க குருவம்மாள் தெருத்தெருவாகத் தொண்டை வற்றப் பேசினார். பொடிக்காக முகத்தில் கட்டும் துண்டையாவது தினமும் துவைத்துக் கட்டச் சொல்லிக் கெஞ்சினார். வீட்டில்தான் தோற்றார்.

ஒருநாள் ஊசி போட வந்த பெண் ஒருத்தி, கம்பெனியில் ஆளுக்கொரு சானிடைசர் பாட்டில் கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னாள். குருவம்மாளுக்கு முகம் வெளிறிவிட்டது. என் வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டு, "ஓட்டு, ஓட்டு" என்றார். ஆலை வாசலில் போர்மேன் மரியாதையாக எழுந்து நின்று, "கிருமி சாகணும்லா சிஸ்டர், நம்ம ஆளுகளுக்காகத்தான் வாங்கினோம்" என்றார்.

"கிருமி சாகும். கூட நீங்களும் சேந்து போவீக. அது அம்புட்டும் ஸ்பிரிட்டுண்ணே. அதத் தடவிக்கிட்டா மருந்து அறைக்குள்ள போறது? ஒரு டிரம்மு தண்ணியும் சோப்புக் கட்டியும் வையுங்க, போதும்."

போர்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார். நல்லெண்ணத்தில் செய்ததுதான், யாருக்கும் அது தோன்றவில்லை. பாட்டில்களைத் திரும்ப வாங்கி, தண்ணீர் டிரம் வைக்கும்வரை நாங்கள் நகரவில்லை. திரும்பி வரும்போது என் தோளை வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டியை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "நிறுத்தாத. இது பயம். பதட்டம் இல்ல" என்றார்.

அந்தப் பயம் எப்போதும் சரியாகவே இருந்தது என்று சொன்னால் அவரே எழுந்து வந்து சண்டைக்கு நிற்பார். விருதுநகர் மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் ஒருவர், தும்மிக்கொண்டும் கண்ணீர் விட்டுக்கொண்டும் வந்தார். குருவம்மாள் அவரைப் பேசவே விடவில்லை. சோதனை முடிவு வரும்வரை அவர் வீட்டின் பின்கட்டிலேயே தனியாக உட்கார வைத்துவிட்டார். சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தது. வத்தல் நெடிதான். மனிதர் விடுதலையாகி வந்து ஒரு பை நிறைய வத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இந்தாங்க சிஸ்டர், எனக்கு வந்த கொரோனா." அந்த வத்தலை எல்லோரும் பங்கிட்டுக்கொண்டோம். சாம்பார் வைக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி குருவம்மாளைக் கேலி செய்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அடுத்து தும்மிக்கொண்டு வந்தவரையும் தனியாகத்தான் உட்கார வைத்தார்.

இரண்டாவது அலை வந்த கோடையில், நோய் வந்தால் சிலருக்கு வாசனை தெரியாமல் போகிறது என்ற செய்தி எங்களுக்கு நன்றாக உறைத்திருந்தது. குருவம்மாள் வரிசையில் நிற்கும் ஆலைத் தொழிலாளர்களிடம் ஒரே ஒரு கேள்வியை முதலில் கேட்க ஆரம்பித்தார்: "மருந்து வாடை தெரியுதா?" குளித்தாலும் போகாத கந்தக வாடை அது. திடீரென்று அது தெரியவில்லை என்று சொன்னவர்களை உடனே சோதனைக்கு அனுப்புவார். தெரிகிறது என்று சொன்னவர்களையும் சும்மா விடமாட்டார். "வாடை தெரிஞ்சா நோவு இல்லைன்னு அர்த்தம் கெடையாது. தெரியலைன்னா மட்டும் சும்மா இருக்கக் கூடாது" என்று எனக்கும் சேர்த்துச் சொல்வார்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்குப் போய், கொல்லையில் குளித்துவிட்டு அடுப்பில் கருவாடு போட்டிருக்கிறார். தெருமுனைவரை மணம் போயிருக்கிறது. எதிர்வீட்டுக்காரி, "என்ன சிஸ்டர், இன்னைக்கு விருந்தா?" என்று கேட்டிருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த மாடசாமி அண்ணன் உள்ளே பார்த்துக் கேட்டாராம்: "என்ன குருவு, இன்னைக்கும் வெறும் ரசந்தானா?"

குருவம்மாள் எனக்கு ஃபோன் செய்தார். நான் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, கருவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணன் விரலில் மாட்டினால் எண் ஏறி இறங்கி ஆட்டம் காட்டியது. அலுமினியப் பொடி நகக்கண்ணெல்லாம் ஏறிக் கறுத்திருந்தது. குருவம்மாள் அவர் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து மறுபடியும் மாட்டினார். எண் நின்றது. இருக்க வேண்டியதைவிட அது மிகவும் குறைவு. ஆம்புலன்ஸ் வந்து நின்றதும் அண்ணன், "மருந்து இருமலுக்குப் போயி ஆம்புலன்சா? அங்கன போனவுக திரும்பி வாராகளா? நான் வரமாட்டேன், பயமா இருக்கு" என்று கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படுங்க. பயந்துக்கிட்டே ஏறுங்க" என்றார் குருவம்மாள்.

விருதுநகரில் படுக்கை கிடைத்தது. அண்ணனுக்கு முகமூடி மாட்டி ஆக்சிஜன் திறந்த பிறகு வராந்தாவில் வந்து உட்கார்ந்த குருவம்மாள், சட்டென்று என் கையைப் பிடித்தார். "காவேரி, அடுப்ப அணைக்கல. தீப்பெட்டியும் வெடியுமா கெடக்குற ஊர்ல பொறந்துட்டு, எரியிற அடுப்ப அப்படியே போட்டுட்டு வந்துட்டேன். பதறிட்டேன்." எதிர்வீட்டுக்காரி அணைத்துவிட்டிருந்தாள். கருவாடும் சட்டியும் கரியாகியிருந்தன. அவர் பதறி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அண்ணன் மெலிந்து திரும்பி வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டானது. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்முன், கண்ணை மூடச் சொல்லி மூக்குக்கு நேரே எதையாவது நீட்டுவார் குருவம்மாள். காப்பி, புதினா, சோப்பு, கையில் அகப்படுவது எதுவோ அது. "என்ன வாடை?" கொரோனா ஓய்ந்து ஊரே அதை மறந்த பிறகும் அவர் விடவில்லை. வேலைக்குச் சேர்ந்து போக நான் போய் நிற்கும் நாட்களில் நானே பார்த்திருக்கிறேன். அண்ணன் வேண்டுமென்றே காப்பியை மோந்துவிட்டு "சாம்பார்" என்பார். குருவம்மாளின் முகம் வெளுக்கும். அப்புறம் அண்ணனின் உதட்டைப் பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைப்பார். "இதுல என்ன வெளையாட்டு ஒங்களுக்கு? என் ஈரக்கொலையே அந்து விளுது."

அடக்கத்தன்று வீடு கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் இருமினார்கள். நான் முகக்கவசங்களை எடுத்துப்போய் எல்லோரிடமும் நீட்டினேன். சாவு வீட்டில் இது என்ன கூத்து என்று ஒருவர் முணுமுணுத்தார். குருவம்மாள் வீட்டில் இதைப் போடாமல் எப்படி என்று இன்னொருவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து விடாமல் இருமிக்கொண்டிருந்தார். அழுகையா, மருந்தா, இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பாழாய்ப்போன இருமலா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் போய் எப்படிக் கேட்பது? கேட்க வேண்டியவர் படுத்திருந்தார்.

எடுக்கும் நேரம் வந்தது. அண்ணன் திடீரென்று மாலைகளின்மேல் குனிந்தார். நிமிரவே இல்லை. மயங்கி விழுகிறார் என்று நினைத்து நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டு, குருவம்மாளின் காதருகே மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மல்லி. சந்தனம். பன்னீரு. தெரியுது குருவு. எல்லாம் தெரியுது."

அன்றைக்கு ஒன்றைக்கூட அவர் மாற்றிச் சொல்லவில்லை.

மறுநாளே அண்ணனை அழைத்துப் போய்ச் சோதனை செய்துவிட்டேன். பழைய இருமல்தான். ஆனாலும் காலையில் ஒருமுறை அவருக்கு ஃபோன் செய்து, என்ன வாடை என்று கேட்கிறேன். காப்பி என்கிறார். அந்தக் காப்பியை இப்போது அவரே போட்டுக்கொள்கிறார்.

குருவம்மாளிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், பயம்தான். அது போய்விடக் கூடாது என்று இருக்கிறது. நேற்று வரிசையில் ஒருவர், விரல் நகமெல்லாம் கறுத்தவர், மூச்சு வாங்க வந்து நின்றார். "வெறும் மருந்து இருமல்தான் சிஸ்டர். பயப்பட ஒண்ணும் இல்லேல்லா?" ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்படிச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். நான் சோப்பையும் தண்ணீரையும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இருக்கு. பயப்படுங்க. பதறாதீக. மொதல்ல கையக் கழுவுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். தஞ்சாவூரில் யாரும் 'பதறாதீக' என்று சொல்ல மாட்டார்கள்.