மழைக்கு ஒதுங்கிய ஒன்பது குஞ்சுகள்

விக்கிரமசிங்கபுரத்து நூலாலையில் பதினாறு நாள் இருந்துவிட்டு, ஆற்றங்கரைப் பாதையில் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். எந்த இடத்திலும் நான் ஒரு மாதம் நிலைத்ததில்லை. நாலாம் வகுப்பிலும் அப்படித்தான். மாசி மாதம், சனிக்கிழமை. மாசியில் ஏது மழை என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாவது ஊரில் காற்றும் மழையும் சேர்ந்து பிடித்துக்கொண்டன.

ஒதுங்கிய இடம் அவ்வூர்ச் சபை உபதேசியாரின் வீடு. அவர் மனைவி புறவாசலில் ஒற்றை ஆளாக அவரைக்கொடிப் பந்தலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பந்தல் கட்டிப் பழக்கம் உண்டா?"

"உண்டும்மா" என்றேன். கிடையாது.

பந்தல் கால்களை வாழையோடு சேர்த்து இழுத்துக் கட்டினேன். சற்று நேரத்தில் வாழை சாய்ந்தது; போகும்போது பந்தலையும் கூட்டிக்கொண்டு போனது. மிளகாய் நாற்றின்மேல் அவள் கவிழ்த்துவைத்த பழைய சட்டிகள் மட்டும் அசையவில்லை.

பந்தலை அப்படியே விட்டுவிட்டு அவள் கோழிகளிடம் ஓடினாள். கவலையெல்லாம் குஞ்சுகள்மேல். பொரித்து ஆறு நாளான ஒன்பது குஞ்சுகள். ஆனியில் மகள் பேறுகாலத்துக்கு வருகிறாள், கோழிச்சாற்றுக்கு இவைதான்.

வீட்டு ஓலைக்கூரை ஒழுகியது. ஓடு போட்ட கட்டடம் அடுத்திருந்த வேதக்கோயில் ஒன்றே. பஞ்சாரக் கூடையோடு அங்கே கொண்டுபோகலாம் என்ற யோசனை என்னுடையது.

"ஆண்டவர் சந்நிதியில கோழியாவே?" என்றார் உபதேசியார்.

"பிரளயத்துல ஆண்டவர் கோழிய மட்டும் வெளிய விட்டாராக்கும்?" என்றாள் மனைவி.

அவர் சாவியைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரசங்கபீடத்தின் அருகே தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தால் மூடினோம். நான் காவலுக்குப் பக்கத்திலேயே படுத்தேன்.

காலையில் மழை இல்லை. ஒன்பதும் உயிரோடு இருந்தன. சபையார் வருமுன் எடுத்துவிடுவதாகத்தான் ஏற்பாடு, நான் தூங்கிப்போனேன். அவசரமாகப் பஞ்சாரத்தைத் தூக்கியபோது மணி அடித்தது. தாய்க்கோழி மிரண்டு, உள்ளே வந்தவர்களின் தலைக்குமேல் பறந்து வெளியேறியது. குஞ்சுகளை மறுபடி மூடினேன்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம். பூசணிக்காயோ முட்டையோ, பீடத்தருகே கொண்டுவந்து வைத்துவிட்டால் அது காணிக்கை. ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். திரும்ப எடுக்கக்கூடாது.

"காணிக்கை இல்ல அண்ணாச்சி, மழைக்கு ஒதுங்குனதுவ" என்று பக்கத்து வீட்டுப் பெரிய விவசாயியிடம் சொன்னேன்.

"நீரும் மழைக்குத்தாம்வே ஒதுங்குனீரு. உம்மையும் சேத்து ஏலம் விட்டா எடுக்க ஆளிருக்கா?"

சபையே சிரித்தது. வைத்ததைத் திரும்பக் கேளாதே என்று வருஷக்கணக்காகப் பிரசங்கித்த உபதேசியார், தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி ஏலம் கேட்க வழியில்லாமல் வீட்டுக்குள் போய்விட்டாள். ஏலத்தில் குஞ்சுகள் அண்ணாச்சி வீட்டுக்குப் போயின. பறந்து தப்பிய தாய் அவளுக்கே மிஞ்சியது. அன்று முழுக்க அது இங்கே கத்த, அவை அங்கே கத்தின.

மறுநாள் காலை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"வேலி அடைக்கத் தெரியுமாவே? குஞ்சு பூராவும் தாய்க்கிட்ட ஓடப் பாக்கு."

"தெரியும் அண்ணாச்சி."

உடைமுள் வெட்டிவந்து வேலையில் இறங்கினேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் நாற்றின்மேலிருந்த சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றாள் பைய, "நீ பந்தல் கட்டின மாதிரியே வேலியையும் அடைச்சிரு."

அப்படியே அடைத்தேன்.