வலப்பக்கப் பெட்டியில் விழுந்த விண்ணப்பம்

சேரன்மகாதேவிப் பக்கம் அசனப் பண்டிகைக்குப் போகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் கோவில் வாசலில், அதாவது சர்ச் வாசலில், இருக்கும் இரண்டு பெட்டிகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் பட்ட பாடு அப்படி.

1990 செப்டம்பர். என் வீட்டுக்காரர் குவைத்தில் ஏசி மெக்கானிக். ஆகஸ்டில் அங்கே சண்டை மூண்டதிலிருந்து கடிதமும் இல்லை, போனும் இல்லை. பாளையங்கோட்டையில் நான் ரேடியோவைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். செய்தி முடிந்தால் ஜெபம், ஜெபம் முடிந்தால் செய்தி. சோறு இறங்கவில்லை. அவருடைய அக்கா, அதாவது என் மதினி, பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை காலையில் வந்து நின்றார்.

"ஏட்டி, சேலைய மாத்து. தயவுபுரத்துல இன்னைக்கு அசனம். அங்கன போயி விண்ணப்பமும் போடுவோம், வயித்துக்கும் கொஞ்சம் போடுவோம்."

ஜங்ஷனில் எட்டேகாலுக்குப் பாபநாசம் பஸ். சேரன்மகாதேவிக்கு இருபது கிலோமீட்டர், டிக்கெட் இரண்டரை ரூபாய். தயவுபுரத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று கண்டக்டரிடம் கேட்டேன். "அசனத்துக்கா? கால்வாய்க் கரையோட ரெண்டு கிலோமீட்டர் நடங்க. அதுக்கப்புறம் மூக்கே வழி சொல்லும். மூணு மணி டிரிப்புல வாரேன், எனக்கும் ஒரு தூக்குவாளி கறி வாங்கி வையுங்க" என்றார். இருபுறமும் கார் நெல் கதிர் முற்றிக் கிடந்தது. அவர் சொன்னது சரிதான், பாதி வழியிலேயே மசாலா வாசனை வந்துவிட்டது.

தெரியாதவர்களுக்காக: அசனம் என்றால் ஊரார் அரிசியும் ஆடும் கொடுத்து, சமைத்து, வந்தவர் எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுவது. பத்தமடையிலிருந்து ஒரு முஸ்லிம் பாய் குடும்பம்கூட வந்திருந்தது.

கோவில் வாசலில் இரண்டு மரப்பெட்டிகள். ஒன்று விண்ணப்பத்துக்கு. மற்றது ஸ்தோத்திரத்துக்கு, அதாவது கேட்டது கிடைத்ததற்கு நன்றி சொல்ல. பண்டிகைக்காகப் புது நீலப் பெயிண்ட் அடித்ததில் எழுத்தெல்லாம் மறைந்துவிட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு எது எது என்று மனப்பாடம். நான் சீட்டில் பெயரையும் ஊரையும், "கணவர், குவைத், பத்திரமாக வீடு" என்பதையும் எழுதி வலப்பக்கம் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஆராதனை நடத்திய உபதேசியார் ஸ்தோத்திரச் சீட்டுகளை வாசித்தார். "பாளையங்கோட்டை சகோதரி ஜெபா. கணவர் குவைத்திலிருந்து பத்திரமாக வீடு வந்து சேர்ந்தபடியால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

கோவிலே சேர்ந்து ஸ்தோத்திரம் சொன்னது. எனக்கே தெரியாமல் அவர் வந்துவிட்டாரோ என்று திரும்பி வாசலைப் பார்த்தேன். செருப்புகள்தான் கிடந்தன.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "வந்துட்டாராம்லா! ஆளு எளைச்சிட்டாரா?" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எளைச்சுத்தான் போனான்" என்று மதினி வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு இலையில் இரட்டிப்புக் கறி விழுந்தது. ஒரு வாய்கூட வைக்க முடியவில்லை. கறிவாளியோடு வந்த உபதேசியாரிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

மனிதர் முகம் வெளிறிப்போய்விட்டது. வாளியை வைத்துவிட்டு நேரே மைக்குக்குப் போனார்.

"சாப்பிடுதவங்க கொஞ்சம் கவனிங்க. பாளையங்கோட்டை சகோதரி வீட்டுக்காரரு இன்னும் வரலயாம். பெட்டி மாறிட்டு. எழுத்துமேல பெயிண்ட் அடிச்சது நாமதான். சொன்ன ஸ்தோத்திரத்தத் திருப்பி வாங்க முடியாது. அதனால அவரு வாரது வரைக்கும் தெனமும் கோவில் மணி அடிக்கும்போது ஊரே ஜெபம்பண்ணணும். அது நம்ம கடன்."

"நாளைக்கு எதுக்கு வே? இப்பவே பண்ணுவோம்" என்று பந்தியிலிருந்து ஒரு குரல். எச்சில் கையோடு அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். பாய் குடும்பமும் கையேந்தியது. ஆமென் சொன்ன கையோடு உபதேசியார், "சாப்பிடுங்க, கறி ஆறுது" என்றார். அதுவரை நான் ஒருத்தியாகத்தான் பயந்துகொண்டிருந்தேன். அன்று அந்தப் பயத்தை ஊரே பங்கு போட்டுக்கொண்டது. வயிறு நிறையச் சாப்பிட்டேன், மறுசோறும் வாங்கினேன். கண்டக்டருக்குக் கறி கொடுத்ததுகூட மதினி சொல்லித்தான் தெரியும். சேரன்மகாதேவியில் ஏறியதும் நான் தூங்கிவிட்டேன்.

அக்டோபரில் அவர் அம்மான், பம்பாய் வழியாக வந்து சேர்ந்தார். மதினி சொன்னபடியே இளைத்திருந்தார்.

அடுத்த வருடம் இருவருமாகப் போனோம். அவர் வலப்பக்கம் போட்ட சீட்டை உபதேசியார் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். "இதத்தான் போன வருஷமே வாசிச்சாச்சே! வேற யாருக்காவது எழுதுங்க." அதன்மேல் இவர், ஊர் திரும்பும் வழியில் பாலைவன முகாமில் பிரிந்துபோன பங்களாதேஷ் அறைத்தோழர் ரபீக்கின் பெயரை எழுதினார். விலாசம்கூடத் தெரியாத மனிதர். நான் இடப்பக்கப் பெட்டியைக் காட்டினேன். இவர் தெரிந்தேதான் வலப்பக்கம் போட்டார். உபதேசியாரும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ரபீக் பத்திரமாக வீடு சேர்ந்தபடியால்" என்று கணீரென்று வாசித்தார்.

போகிறவர்கள் கவனத்துக்கு: இப்போது வண்டி புதுப் பேருந்து நிலையத்திலிருந்து. பதினோரு மணிக்குள் போய்விட்டால் முதல் பந்தி கிடைக்கும். தூக்குவாளி கொண்டுபோங்கள். பெட்டிகளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், மாறிப்போக வழியில்லை. நாங்கள் இன்றைக்கும் ரபீக் பெயரை வலப்பக்கம்தான் போடுகிறோம்.