அமானோ கெட்டி என்று சொன்ன வண்டி

எங்கள் கம்பெனியிலேயே விலை அதிகமான கருவி அமானோவின் பின்பக்கம்தான் என்று நாங்கள் கிண்டல் பண்ணுவோம். ஜப்பானில் எங்கள் ஊரான ஹமமாட்சுவில் மோட்டார் சைக்கிள் செய்கிறவர்களுக்கா பஞ்சம்? ஆனால் செய்த வண்டியை ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "இந்த ஃபிரேம் கெட்டி, இது இளக்கம்" என்று அடித்துச் சொல்கிறவன் எங்களிடம் அவன் ஒருத்தன்தான்.

எடை ஏற்றி வளைத்துப் பார்க்கும் இயந்திரம் இருக்கிறது. ஃபிரேம் எவ்வளவு வளைகிறது என்று அது சொல்லும், அவ்வளவுதான். ஒரே அளவு வளைகிற இரண்டு ஃபிரேம்களில், இஞ்சின் நடுக்கத்தைச் சட்டென்று அடக்குவது ஓட்டுகிறவனுக்கு இளக்கமாகத் தெரியும். நடுக்கத்தை இழுத்துக்கொண்டே போவது கெட்டியாகத் தெரியும். அது இயந்திரத்துக்கு எங்கே புரியப் போகிறது?

பத்தொன்பது வயதில் சேர்ந்தவன், ஐம்பத்து மூன்றிலும் அதே டிராக்கில் சுற்றிக்கொண்டிருந்தான். இரண்டு தடவை தோள் எலும்பு முறிந்தது. மெத்தை வாங்கப் போனால் பதினோரு மெத்தையில் புரண்டு பார்த்து, கடைக்காரர் கும்பிடு போடும்வரை விடமாட்டான். "இவரோட ஒரு கடைக்குப் போக முடியலண்ணா, மானம் போகுது" என்று அவன் மனைவி தொமோயே என்னிடம் புலம்புவாள். புலம்பும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

போன குளிர்காலத்தில் ஒரு புது ஃபிரேமை ஓட்டிவிட்டு வந்து "கெட்டி" என்று குறை சொன்னான். இயந்திரத்தின் கணக்கெல்லாம் சரியாக இருந்தது. எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த தலைவர் உச்சியாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"அமானோவுக்கு வயசாயிடுச்சு. கை மரத்துப்போயிருக்கும். சோதிச்சுப் பாத்துடுவோம்" என்றார்.

சோதனை இதுதான். மூன்று ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியில் எதையாவது மாற்றுவோம், அவனிடம் சொல்ல மாட்டோம். இரண்டாவது ஓட்டத்துக்கு ஃபிரேமில் ஒரு இரும்புப் பட்டையைச் சேர்த்தோம். மூன்றாவதுக்கு அதைக் கழற்றி, முதல் வண்டியாகவே திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு பட்டையைக் கழற்ற ரெண்டு நிமிஷம் போதும். உள்ளே சத்தம் அதோடு நின்றால் வெளியே இருக்கும் அவன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் மெக்கானிக்குகளில் ஒருத்தர் இருபது நிமிஷம் வேலை நடப்பதுபோல நடிக்க வேண்டும். நான்தான் நடித்தேன். ஸ்பேனரை உருட்டினேன், இஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி முடுக்கினேன்.

மூன்றாவது ஓட்டம் முடிந்து அமானோ ஹெல்மெட்டைக் கழற்றினான். "இது முதல் வண்டி இல்ல. இளகியிருக்கு. நடுக்கம் சீக்கிரமே அடங்குது."

உச்சியாமா நோட்டை மூடினார். ஏப்ரலிலிருந்து அமானோவுக்கு உதிரிபாகக் கிடங்கில் மேஜை வேலை என்று முடிவானது. அவன் எங்கள் எல்லோரையும் பார்த்துக் குனிந்து, "என்னால உங்க வேலை கெட்டுது, மன்னிச்சிடுங்க" என்றான்.

அடுத்த வாரம் அந்த வண்டியைப் பிரிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் பூட்டியபோது வண்டி ஸ்டாண்டில் தொங்கியது, கீழ் போல்ட்டை முதலில் முடுக்கினோம். நடிப்புக்காகச் செய்தபோது வண்டி சக்கரத்தில் நின்றது, நான் மேலிருந்து முடுக்கினேன். இறுக்கம் அதே அளவுதான், வரிசைதான் வேறு. இரண்டு விதமாகவும் பூட்டி, சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். என் வரிசையில் ஃபிரேமின் அதிர்வு சீக்கிரமே செத்துப்போனது. அடப்பாவி, வண்டியை மாற்றியது நான்!

சொன்னேனா? இல்லை. இருபத்திரண்டு வருஷமாக என் வேலையில் ஒரு தப்பு வந்ததில்லை என்று மார்தட்டியவன் நான். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள், கம்பெனியில் தினமும் நடக்கும் காலை உடற்பயிற்சிக்கு வரிசையாக நின்றபோது, முன்னால் கையைத் தூக்கிக்கொண்டிருந்த அமானோவின் முதுகைப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும், "சார், தப்பு அவன்மேல இல்ல, என்மேல" என்று கத்திவிட்டேன்.

அன்றைக்கே ஐந்து ஓட்டம் வைத்தார்கள். போல்ட் வரிசையை மாற்றி மாற்றிப் பூட்டினேன். அமானோ ஐந்தையும் சரியாகச் சொன்னான். உச்சியாமா மாற்றல் தாளைக் கிழித்துப்போட்டு அவன் முன்னால் குனிந்தார்.

அமானோ என்னைத் தனியே இழுத்துப்போனான். கட்டிப்பிடிப்பான் என்று நினைத்தேன்.

"உனக்கு எப்பலேருந்துடா தெரியும்?"

"மூணு நாளாச்சு."

"மூணு நாளா!" என்றான். "வீட்டுல தொமோயே கையைப் பிடிச்சேன்டா. முப்பது வருஷமாப் பிடிக்கிற கை. இவ கை இவ்வளவு மெத்துன்னுதான் இருந்துச்சா, இல்ல எனக்குத்தான் தெரியலையான்னு சந்தேகம் வந்துடுச்சு. பயந்துபோய் விட்டுட்டேன். அவ என்ன கோவம்னு கேட்டு அழுதா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சாயங்காலம்வரை பொறுக்க மாட்டாமல், நேரே தொமோயே சமையல் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.