கைப்பிடியில் பூ பூத்த நாற்காலி

எங்க அக்காவுக்கு அருங்காட்சியகத்துல வேலைன்னு சொன்னா, ஏதோ பெரிய ஆராய்ச்சி பண்றவன்னு நினைச்சுக்கறாங்க. ஆராய்ச்சியுமில்ல, ஒண்ணுமில்ல. கூடத்து மூலையில ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யாராவது கையை நீட்டினா "தொடாதீங்க"ன்னு சொல்லணும். சின்ன வயசுல எனக்குச் சொன்னதையே இப்ப ஊருக்கெல்லாம் சொல்றா, அவ்வளவுதான்.

அப்பா தச்சர். நாற்காலிப் பட்டறையில வேலை. அங்க எந்தச் சாமான்லயும் செஞ்சவன் பேரைப் போடற வழக்கமே கிடையாது. பட்டறையில தூசி பறக்கும்னு, கடைசி மெருகு மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்து போடுவார். அதனால எங்க முன்னறையில எப்பவும் யார் வீட்டுக்கோ போக வேண்டிய நாற்காலி ஒண்ணு நிக்கும். அந்த மெருகெண்ணெய் வாசனையிலதான் சாப்பிட்டோம், தூங்கினோம். இன்னிக்கும் எங்கேயாவது அது அடிச்சா எனக்குப் பசிக்குது, என்ன பண்றது. உட்கார மட்டும் யாருக்கும் அனுமதி இல்ல. அக்காதான் காவல்.

ஒரு நாள் அவ கண்ணசந்த நேரத்துல, பல் முளைக்கிற வயசுல இருந்த நான், ஒரு நாற்காலியைப் பிடிச்சு எழுந்து நின்னு கைப்பிடி நுனியைக் கடிச்சு வெச்சுட்டேன். அப்பா தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டாராம். அக்காவுக்கு நல்ல திட்டு. அப்புறம் உளியை எடுத்து, பல் பதிஞ்ச இடத்தைச் செதுக்கி ஒரு சின்னப் பூ ஆக்கிட்டார். ஒரு பக்கம் மட்டும் பூ இருந்தா முதலாளி கேட்பாரேன்னு அந்தப் பக்கமும் ஒண்ணு. ஆனா ஒரு பல் ஆழமா இறங்கியிருந்ததால, இடது பூவுக்கு நடுவுல ஒரு குழி தங்கிடுச்சு. முதலாளி பார்த்துட்டு, "பலே, புதுசா இருக்கே"ன்னாராம். இந்தக் கதையை வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லி, அப்பா சாகற வரைக்கும் என் மானத்தை வாங்கினார்.

போன வருஷம் அக்காவோட கூடத்துல ஒரு புதுக் கண்காட்சி. யார் செஞ்சாங்கன்னே தெரியாத பழைய சாமான் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல, இந்தக் காலத்துக் கலைஞர் ஒருத்தர் அதைப் பார்த்துச் செஞ்சது. பெட்டிகளைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணுலேர்ந்து, இடது பூவுல அதே குழியோட, அந்த நாற்காலி வந்து நின்னுச்சு. அதுக்கு ஜோடி, கண்ணாடியில செஞ்ச நாற்காலி. அழகுதான், ஆனா உட்கார்ந்தா நேரா ஆஸ்பத்திரிதான். எங்க நாற்காலிக்கு அட்டை வெச்சாங்க: 'கைப்பிடியில் பூ வேலைப்பாடு. செய்தவர் தெரியவில்லை.'

அக்கா எனக்கு போன் பண்ணி அழுதா. "தெரியலையாம்டி. நம்ம அப்பாவைத் தெரியலையாம்."

அட்டையில அப்பா பேர் வரணும். அவ கேட்டது அது ஒண்ணுதான். அப்பா போனப்புறம் அம்மாவையும் என்னையும் தூக்கி நிறுத்தினவ, தனக்குன்னு எதையும் கேட்டு நான் பார்த்ததில்ல. அந்த நாற்காலிக்குப் பக்கத்துல அப்பா நிக்கிற பழைய போட்டோவை எடுத்துக்கிட்டு, கண்காட்சி அமைச்ச மேடத்தைப் பார்க்கப் போனா. என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கிட்டுத்தான்.

மேடம் நல்ல மனுஷி. முழுக் கதையும் கேட்டாங்க, குனிஞ்சு குழியைப் பார்த்தாங்க, என் வாயையும் ஒரு தடவை பார்த்துச் சிரிச்சாங்க. அப்புறம் தயங்கினாங்க.

"பேரைப் பதிவுல ஏத்திடலாம்மா. ஆனா பேர் தெரிஞ்ச சாமான் இந்தக் கண்காட்சியில இருக்க முடியாது. இது பேர் தெரியாதவங்களுக்கானது. நாற்காலி கிடங்குக்குப் போயிடும். மறுபடி எப்ப வெளியே வரும்னு என்னால சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்கு வந்ததே கோபம். வீட்டுக்கு வந்ததும், "பேரும் வேணாம் ஒண்ணும் வேணாம். நாலு பேர் பார்க்கட்டும். நீயும் தினமும் அது கூடவே இருக்கலாமே"ன்னு கத்தினேன்.

அக்கா பாத்திரத்தைக் கழுவி முடிச்சுட்டுத்தான் பதில் சொன்னா. "நாலு பேர் பார்த்துக்கிட்டுதானேடி இருந்தாங்க, அவர் ஆயுசு பூரா? யாராவது யார் செஞ்சதுன்னு கேட்டாங்களா?"

மறுநாள் மேடத்துக்கிட்ட போய், அப்பா பேரை எழுத்து எழுத்தா சொல்லிட்டு வந்தா.

நாற்காலி போன அன்னிக்கு நானும் இருந்தேன். கையுறை போட்ட ரெண்டு பேர் தூக்கினாங்க. நாற்காலிக் கால்ல கட்டின சீட்டுல அப்பா பேர் அச்சடிச்சிருந்தது. அக்கா கிடங்குக் கதவு வரைக்கும் கூடவே நடந்தா. கதவைச் சாத்தினதும் திரும்பி வந்துட்டா. எனக்குத்தான் அழுகை நிக்கல.

அடுத்த வாரம் அவளைப் பார்க்கப் போனா, அந்த இடத்துல வேற நாற்காலி, அதுக்கு வேற ஜோடி. முதுகுல பிரம்புப் பின்னல், நல்ல வேலை. அட்டையில அதே 'செய்தவர் தெரியவில்லை'. யாரோ ஒரு வயசான தம்பதி அதுக்கு முன்னாடி நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அக்கா அவங்க முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. அவங்க அடுத்த சாமானுக்கு நகர்ந்ததும்தான் என் பக்கம் திரும்பினா.

"என்னக்கா அப்படிப் பார்த்தே அவங்களை?"ன்னு கேட்டேன்.

"இதைச் செஞ்சவருக்கும் புள்ளைங்க இருந்திருக்கும்ல," அப்படின்னா. "வந்தாங்கன்னா, யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியாம நிப்பாங்க."