போனில் இருபத்துநான்கு, உடம்பில் நடுக்கம்

“அம்மா, உங்கடை வீடு இப்ப இருபத்திநாலு டிகிரியிலை இருக்கு. அதுக்குள்ளையும் உங்களுக்குக் குளிருதெண்டால் வீட்டிலை பிழையில்லை. டொக்டரிட்டைத்தான் போகவேணும்.”

சொன்னது என் மகன் கஜன். ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து, போனில்.

கேட்டுக்கொண்டிருந்த நான் மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸில், என் சொந்த வீட்டுச் சோபாவில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை என்று சுருண்டு கிடந்தேன். மூக்கு நுனி விறைத்திருந்தது. என் வீடு எவ்வளவு சூடு என்று எனக்கே ஒருவன் புரோசார்டிலிருந்து சொல்கிறான்! எப்படியிருக்கும் எனக்கு?

டொக்டர் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்றும் எனக்குத் தெரியும். வந்தது.

“அம்மா, இனித் தனிய இருக்கவேண்டாம். எங்கடை வீட்டுக் கீழறைக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. இந்த விண்டரோடை வந்திடுங்கோ.”

அவன் நல்ல பிள்ளை. பாசத்தில்தான் சொல்கிறான். ஆனால் வாசகர்களே, நான் இன்னமும் கார்தெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்கிறேன். நடக்கப் பழகிய கையோடு ஓடத் தொடங்கிவிடும் ஒரு குழந்தைப் பட்டாளத்தைப் பகல் முழுக்க மேய்த்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சமைத்துச் சாப்பிட்டு, உங்களுக்கு இந்தப் பத்தியும் எழுதுகிறேன். கணவர் போன பிறகு இந்த வீட்டைத் தனியாகவே கட்டிக் காக்கிறேன். இதை விட்டு எங்கும் போவதாக இல்லை. அதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் குளிர்ந்ததே... அதுவும் உண்மைதானே?

கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இலையுதிர் காலத்தில் எங்கள் நிலவறையில் இருந்த பழைய எண்ணெய் பொயிலர் உயிரை விட்டது. வெயில் நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பொயிலர் என்பது தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக ஒவ்வோர் அறையிலும் இருக்கும் இரும்பு ரேடியேட்டருக்கு அனுப்புகிற பெட்டி. மொன்றியல் குளிரில் அது நின்றால் மனிதர் மட்டுமல்ல, சுவருக்குள் ஓடும் குழாயும் உறைந்து வெடிக்கும். எண்ணெய் பொயிலரை இனி இங்கே சட்டப்படி புதிதாகப் போடவும் முடியாது. அப்படியென்றால் எதைப் போடுவது?

ஐயோ, இந்தக் கேள்வியை ஏன்தான் கோயிலில் வைத்துக் கேட்டேனோ!

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இத்தனை பேர் புத்தி சொல்லமாட்டார்கள். அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சிவா அண்ணை கையிலிருந்த தட்டைக்கூட மறந்துவிட்டார்.

“தங்கச்சி, எதைப் போட்டாலும் பெரிசாப் போடுங்கோ. கடையிலை இருந்ததிலையே பெரிசைத்தான் நான் போட்டனான்.”

“உங்கடை வீட்டிலை எத்தினை பேர் அண்ணை?”

“நானும் மனிசியும்தான்.”

எங்கள் ஆட்களின் வழக்கமே இதுதானே? இரண்டு பேருக்கு ஏழு பேர் போகும் வான். நான்கு பேருக்கு நாற்பது பேருக்குச் சமைக்கும் பானை. ‘யாராவது வந்துவிட்டால்?’ என்ற பயத்திலேயே வாழ்நாள் முழுக்கச் சாமான் வாங்குகிறோம். பொயிலருக்கு விருந்தாளி வரமாட்டார்கள் என்று யார் இவருக்குச் சொல்வது?

கஜனின் யோசனை வேறு. ரேடியேட்டர்களையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, அறைக்கு அறை சுவரோடு சின்னச் சின்ன மின்சார ஹீட்டர் வைக்கச் சொன்னான். இல்லாவிட்டால் வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே விடுகிற ஹீட் பம்ப். “இப்ப எல்லாரும் அதுதான் அம்மா போடுகினம்.”

எல்லாரும் போடட்டும். எனக்கு என் ரேடியேட்டர்கள் வேண்டும். நல்ல இரும்பு, எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்கின்றன. பனியில் நனைந்து வந்த கையுறையை அதன் மேல் போட்டால் காலையில் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். அதை ஏன் கழற்ற வேண்டும்?

நானே தேடினேன், படித்தேன், ஆட்களை வரவழைத்தேன். ஒருவர் நிலவறைக்கு இறங்கியே பார்க்காமல், வாசலில் நின்றபடி “பெரிய சைஸ் போதும், மதாம்” என்றார். அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். இன்னொருவர், லூக் என்று பெயர், ஜன்னல்களை அளந்தார், ரேடியேட்டர்களை எண்ணினார், பரணில் ஏறிக் கூரைக்குக் கீழே குளிர் புகாமல் போட்டிருக்கும் பஞ்சு எவ்வளவு தடிப்பு என்று பார்த்தார். வீட்டுக்கு ஏற்ற அளவில் ஒரு மின்சார பொயிலரைச் சொன்னார். அதையே போட்டேன். முழுக்க முழுக்க என் முடிவு.

“உங்கடை வீடு, உங்கடை விருப்பம்,” என்றான் கஜன். அந்தக் குரலை உங்களுக்குத் தெரியும். பிழைத்தால் சொல்லிக்காட்டுவதற்கென்று எடுத்து வைக்கிற குரல்.

பொயிலரோடு உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைக் கருவியும் வந்தது. வயர் கிடையாது. அது தன்னைச் சுற்றியிருக்கும் சூட்டைப் பார்த்து, ‘போதும்’ அல்லது ‘காணாது’ என்று நிலவறையில் இருக்கும் பொயிலருக்குக் காற்று வழியாகவே சொல்லிவிடும். சுவரில் ஆணி அடிக்கவேண்டியதுகூட இல்லை. “உங்களுக்கு விருப்பமான இடத்தில் வையுங்கள், மதாம்,” என்று லூக் பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனார். மாலையில் கஜன் வந்து அதைத் தன் போனோடும் இணைத்துக்கொண்டான்.

எனக்கு விருப்பமான இடம் எது? புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் சாமிக்கு முன்னால் வைப்பதுதானே எங்கள் வழக்கம்? கார்ச் சாவியும் அங்கேதான் போகும், கம்பியூட்டரும் அங்கேதான் போகும். என் வீட்டுச் சாமியறை, நடு நடையில் இருக்கும் உடுப்பு அலுமாரி. உடுப்புத் தடியைக் கழற்றிவிட்டுத் தட்டு அடித்திருக்கிறோம். கருவிக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்து, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டின் நடு இடம், கண்ணையும் உறுத்தவில்லை. அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மார்கழி வந்தது. குளிர் தொடங்கியது. வெளியே அல்ல, உள்ளே!

வேலையால் வந்து கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர்கள் ஆறத் தொடங்கும். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு விறைத்துவிடும். படுக்கப்போகிற நேரத்தில் பழையபடி சூடு வரும். திருவெம்பாவை நாட்களில் விடியற்காலையிலும் இதே கதை. பாடுவதற்கு வாயைத் திறந்தால் பல் தாளம் போட்டது.

சூட்டைக் கூட்டி வைப்பேன். சற்று நேரத்தில் தானாகவே குறைந்துவிடும். பேய் பிசாசு ஒன்றுமில்லை, கஜன்தான்! போனில் இருபத்துநான்கைப் பார்த்துவிட்டு, அம்மா தெரியாமல் எதையோ அழுத்திவிட்டா என்று புரோசார்டிலிருந்து குறைத்துவிடுவான். நான் கூட்ட, அவன் குறைக்க... என் வீட்டுக்குள் என் சொல் எடுபடவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கோபத்தை விடப் பெரிதாக ஒரு பயமும் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். உண்மையிலேயே எனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதோ? இல்லாத குளிரை உணர்கிறேனோ? அவன் டொக்டர் என்று சொன்ன அன்று நான் பதில் பேசாததற்கு அதுதான் காரணம். இப்படியே போனால் அந்தக் கீழறைக்கு நானே பெட்டி கட்டிவிடுவேன் என்று தெரிந்தது.

விடுவேனா? டொக்டரிடம் போவதற்கு முன்னால் என் வீட்டை நானே சோதிப்பது என்று முடிவெடுத்தேன்.

அந்த வாரம்தான் கணவரின் சித்தப்பா மகன் டொராண்டோவில் காலமானதாகச் செய்தி வந்தது. துடக்கு. சாவுத் தீட்டைத்தான் எங்களூரில் அப்படிச் சொல்வோம். அது கழியும்வரை சாமியறையைத் திறப்பதில்லை, விளக்கேற்றுவதில்லை.

அந்த நாட்களில் ஓர் அதிசயம் நடந்தது. மாலையில் வீடு கதகதவென்று இருந்தது! ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினேன். அடுத்த நாள் மற்றதையும் கழற்றினேன். போன மனிதர் நல்ல மனிதர்தான். ஆனால் செத்த பிறகு என் வீட்டைச் சூடாக்குகிற அளவுக்கு என்மேல் அவருக்கு ஏது அக்கறை?

துடக்கு கழிந்தது. வீடு கழுவி, குளித்து, மாலையில் விளக்கேற்றினேன். ஒரு தேவாரம் பாடி முடித்து ரேடியேட்டரில் கையை வைத்தேன். ஆறிக்கொண்டிருந்தது.

அப்படியே நின்றுவிட்டேன். பிறகு திரும்பிச் சாமியறையைப் பார்த்தேன். அலுமாரிக்குள் விளக்கு எரிகிறது. அதற்கு ஒரு சாண் தள்ளி, சந்தனப் பொட்டோடு, அந்த வெள்ளைக் கருவி சுகமாகக் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறது! தனக்குச் சூடு போதும் என்று பொயிலரிடம் சொல்லிக்கொண்டு!

என் முட்டாள்தனத்தை நினைத்துச் சிரித்தேனா, பைத்தியமில்லை என்று தெரிந்த நிம்மதியில் அழுதேனா... இரண்டும்தான்.

உடனே கருவியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். டொலர் கடையில் சாதாரண வெப்பமானி ஒன்று வாங்கி ஹாலில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை மாலை, விளக்கேற்றிய பிறகு வரும்படி கஜனைக் கூப்பிட்டேன்.

வந்தான். ஜாக்கெட்டைக் கழற்றினான். இரண்டு நிமிடத்தில் எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டான்.

“ஏன் தம்பி, குளிருதோ? டொக்டரிட்டைப் போவமோ?”

“அம்மா...”

“போனைப் பார்.”

பார்த்தான். இருபத்துநான்கு. சுவரைக் காட்டினேன். வெப்பமானியில் பதினேழு. அவனைக் கூட்டிக்கொண்டு போய் அலுமாரியைக் காட்டினேன். பிள்ளையாரைப் பார்த்தான், விளக்கைப் பார்த்தான், கருவியைப் பார்த்தான். படித்த பிள்ளை, விளக்கம் தேவைப்படவில்லை.

கருவியை எடுத்துவந்து ஹாலில் புத்தகத் தட்டில் வைத்தேன். அவன் கையிலிருந்த போனில் எண் இறங்கத் தொடங்கியது. இருபத்திரண்டு... இருபது... நிலவறையில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு எழும்பின.

“மன்னிச்சிடுங்கோ அம்மா,” என்றான் மெதுவாக. “பொயிலரிலை ஒரு பிழையும் இல்லை.”

“அம்மாவிலையும் இல்லை,” என்றேன்.

சூட்டைக் கூட்டிக் குறைக்கிற அதிகாரத்தை அவன் போனிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் எடுத்தான். சூட்டைக் காட்டும் எண்ணை மட்டும் பார்க்கிறேனே என்று கேட்டான். என்னத்துக்கோ என்று நினைத்துக்கொண்டு, சரி என்றேன்.

என்னத்துக்கு என்பது அடுத்த திங்கட்கிழமை தெரிந்தது. வேலையால் வந்து விளக்கேற்றிவிட்டுத் தேநீர் ஊற்றும்போது போன் அடித்தது.

“அம்மா, எங்கை நிக்கிறியள்?”

“வீட்டிலைதான். ஏன்?”

“இல்லை... இண்டைக்கு நம்பர் ஏறேல்லை.”

“அதுதானே விளக்கிட்டை இருந்து எடுத்தாச்சு?”

“ஓம், தெரியும். ஆனாலும் பழகிப்போச்சு, அம்மா. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அது ஏறும். ஏறினால், அம்மா ஐஸிலை வழுக்காமல் வீட்டுக்கு வந்திட்டா, குசினிக்குள்ளை சமைச்சுக்கொண்டு நிக்கிறா எண்டு நினைச்சுக்கொண்டு நான் என்ரை வேலையைப் பார்ப்பன்.”

விளக்கேற்றாத துடக்கு நாட்களில் மாலையானால் தவறாமல் போன் எடுத்தானே, துக்கம் விசாரிக்கத்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்? என் வீட்டை ஆட்டிப்படைக்கிறான் என்று நான் பொருமிக்கொண்டிருந்த அந்த எண்ணைத்தான் பிள்ளை தினமும் பார்த்து ஆறுதல் அடைந்திருக்கிறான். கண் கலங்கிவிட்டது.

“இனி வந்தவுடனை நானே போன் எடுக்கிறன், அப்பன்,” என்றேன். “ஆனால் கீழறைக்கு வேறை ஆளைப் பார். நான் வரேல்லை.”

பார்த்துவிட்டான். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை போன வாரம் அங்கே குடிவந்திருக்கிறாள். நேற்று கஜன் கதைக்கும்போது சலித்துக்கொண்டான்: “அறை குளிருதாம் அம்மா. என்ரை போனிலை இருபத்திரண்டு காட்டுது!”

“போனை மேசையிலை வைச்சிட்டு, கீழை இறங்கிப் போய்ப் பாரடா,” என்றேன்.