மாவு தின்னாத தரை

என் நாத்தனார் மாயக்காளைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவள் காதுக்குப் போனால் சண்டைக்கு வருவாள். வரட்டும்.

ஆனையூரில் அவளுடைய மாவுக் கம்பெனி எங்கே என்று கேட்டால் பஸ் ஸ்டாப்பில் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து வழி காட்டும். தினமும் விடிந்ததும் முப்பது டிபன் கடைகளுக்கு இட்லி மாவு அங்கிருந்துதான் போகிறது. மாவில் அவளை இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. தரைதான் அவளுக்கு வாய்க்கவில்லை. புருஷன் வாய்க்காதவர்கள் உண்டு, சம்பந்தி வாய்க்காதவர்கள் உண்டு. தரை வாய்க்காதவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

முதலில் பழங்காநத்தத்தில் ஒரு வாடகை வீட்டின் பின்பக்கம் ஒரே ஒரு கிரைண்டரை வைத்து ஆரம்பித்தாள். நான் அரிசி களைந்து கொடுக்கப் போவேன். அங்கே இருந்தது சிமெண்டுத் தரை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கிரைண்டரைச் சுற்றித் தரை சொறி பிடித்த மாதிரி உதிர்ந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு எலிதான் தோண்டுகிறது என்றார். மாயக்காள் பொறி வைத்தாள். ஒன்றுக்கு மூன்றாக வைத்தாள். ஒரு எலிகூட விழவில்லை.

"சிமெண்டத் தின்னுட்டு வயிறு கல்லாப் போயி எங்கயாச்சும் செத்துக் கெடக்கும்" என்றேன். நானும் எலி என்றுதான் நம்பினேன், பொய் சொல்வானேன்.

எலி இல்லை. புளித்த மாவும், அதைக் கழுவிவிட்ட தண்ணீரும்தான் சிமெண்டைத் தின்றிருக்கிறது. நாம் ஆசையாகத் தின்கிற இட்லி மாவுக்கு அப்படியொரு பல் இருக்கிறது என்று அதுவரை எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார்.

பிறகு ஆனையூரில் சொந்தமாக ஷெட் போட்டாள். அப்படியே கவிழ்த்து மாவை ஊற்றுகிற பெரிய கிரைண்டர் நாலு வாங்கினாள். வேலைக்கு ஆறு பெண்கள். தரைக்குக் கோச்சடையிலிருந்து அழகுமலை கொத்தனாரைக் கூப்பிட்டாள். அவன் வீடுகளுக்கு ஹால் தரை போடுவதில் பேர் வாங்கியவன். மாயக்காள் அவனிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"தம்பி, டைல்ஸ வாட்டமாப் போட்டுரு."

எங்கள் பக்கத்தில் வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுகிற சாய்வு. பார்க்கவும் புழங்கவும் தோதாக இருந்தால் அதையும் வாட்டம் என்றுதான் சொல்வோம். மாயக்காள் முதலாவதைச் சொன்னாள். ஹால் தரையே போட்டுப் பழகிய அழகுமலை இரண்டாவதை எடுத்துக்கொண்டான். வெள்ளை வெளேரென்று, மட்டம் வைத்துப் பார்த்து, ஒரு நூல் ஏற்ற இறக்கம் இல்லாமல் போட்டுவிட்டுப் போனான். முதல் நாள் கழுவிவிட்ட தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடு ஷெட்டிலேயே நின்றது. மாயக்காள் போன் போட்டுக் கத்தினாள்.

"அக்கா, நீங்க வாட்டமாத்தான கேட்டீக? அம்சமாப் போட்டுக் குடுத்துருக்கேன். கல்யாணமே வைக்கலாம்" என்றான்.

இரண்டு வருஷம் அந்தக் கல்யாண மண்டபத்தில்தான் மாவு ஆட்டினார்கள். காலையும் மாலையும் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி வெளியேற்றினார்கள். டைல்ஸ் சந்தில் பூசிய சிமெண்டை மாவு தின்றுவிட்டது. சந்தெல்லாம் கறுத்து நாறியது. கடைசியில் ஒரு நாள் பாண்டீஸ்வரி, அங்கே வேலை செய்கிறவர்களில் கெட்டிக்காரி, உளுந்து மாவு வாளியோடு வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. மாவில் குளித்து எழுந்தவள் அழவில்லை. மாயக்காளைப் பார்த்து, "அக்கா, நீ இதுல தங்கத்தையே பதிச்சாலும் இனிமே இந்தத் தரையில கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டுப் போடப் போனாள். அவள் போனால் மற்ற ஐந்து பேரும் அவள் பின்னால் போகிறவர்கள்.

அதே வாரம் உணவு லைசென்ஸ் கொடுக்கிற ஆபீசரம்மா வந்தார்கள். தேங்கி நின்ற தண்ணீரையும் கறுத்த சந்துகளையும் பார்த்தார்கள். "ஒரு மாசம் டைம் தாரேன். தரை இப்படியே இருந்தா லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது, கடையப் பூட்டிற வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. மாயக்காளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்கியது. யாராவது ஒருத்தர் தெம்பாக இருக்க வேண்டுமல்லவா?

இந்த நேரம் பார்த்து மருமகன் விக்ரம் வந்து சேர்ந்தார். மாயக்காளின் மகள் ஆர்த்திகாவின் புருஷன். கப்பலூர்ப் பக்கம் தொழிற்சாலைத் தரைகளுக்கு எபாக்சி என்கிற ரசாயனப் பூச்சு பூசுகிற கம்பெனியில் சேல்ஸ்மேன். மருமகன் முன்னால் மாயக்காள் உட்கார மாட்டாள், மறுத்து ஒரு சொல் பேச மாட்டாள். அவர் சூரியன் மேற்கே உதிக்கிறது என்றாலும் கதவுக்குப் பின்னால் நின்று, "ஆமா மாப்ள" என்பாள். எனக்கு அப்படி வாய்ப்பூட்டு கிடையாது. முறைப்படி அவன் எனக்கு மகன். மரியாதை இதோடு போதும்.

இரண்டடிக்கு இரண்டடி பலகையில் எபாக்சி பூசிக் கொண்டுவந்திருந்தான். நீலச் சாம்பல் நிறம். முகம் பார்க்கலாம்.

"சந்தே கிடையாது அத்தை. ஷெட்டு பூராவும் ஒரே தகடு மாதிரி. மாவு இதைத் தின்ன முடியாது" என்றான்.

"நல்லாருக்கு மாப்ள" என்றது கதவு.

"நெலக்கண்ணாடி மாதிரியில்ல இருக்கு? சேலை கட்டுனவ இதுல நின்னா மானம் என்னாகுறது?" என்றேன் நான்.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. பலகையில் தண்ணீரை ஊற்றி, வாசலில் கிடந்த ஷூவை மாட்டிக்கொண்டு ஏறி நின்று இரண்டு குதி குதித்தான். "பாருங்க பெரியம்மா, வழுக்குதா?"

"அரிசி பொழங்குற எடத்துல யாருய்யா செருப்புப் போடுவா? நாங்க அம்புட்டுப் பேரும் வெறுங்காலு. கழட்டிட்டு ஏறு."

இதுதான் அவன் கம்பெனிக்குத் தெரியாத விஷயம். அவர்கள் சோதித்ததெல்லாம் ரப்பர் பூட்ஸ் போட்ட காலுக்கு. எங்கள் ஷெட்டில் ஆபீசரம்மாவே வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். அரிசியும் உளுந்தும் கிடக்கிற இடத்தில் செருப்புக் காலோடு நடக்க எவளுக்கும் மனசு வராது. அடித்துச் சொன்னாலும் வராது.

ஷூவைக் கழற்றினான். நான் பலகையில் ஒரு கரண்டி உளுந்து மாவை விட்டேன். வெண்ணெய்கூட அப்படி வழுக்காது. ஏறினான். வலது கால் ஆனையூரில் இருந்தது, இடது கால் கப்பலூருக்குப் போனது. தொப்பென்று உட்கார்ந்தான்.

"ஐயோ மாப்ள!" என்று அலறிக்கொண்டு வந்த மாயக்காள், மாவு அப்பிய அவன் கால்சட்டையைப் பார்த்ததும் திரும்பி உள்ளே ஓடினாள். அடுத்த நிமிஷம் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. அரிசியும் இல்லை, தண்ணீரும் இல்லை, வெறும் கிரைண்டர். சிரிப்புச் சத்தம் மருமகனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று போட்டிருக்கிறாள். புத்திசாலிதான்.

விக்ரம் லேசில் விடுகிறவன் இல்லை. அடுத்த நாளே மணல் தூவிய எபாக்சிப் பலகை ஒன்று கொண்டுவந்தான். அது வழுக்கவில்லை. ஆனால் அதில் பத்துத் தடவை நடந்த செல்லக்கிளி, ஷெட்டில் வேலை செய்கிற ஆறு பேரில் ஒருத்தி, "குதிகால் வெடிப்புக்கு நல்ல வைத்தியம்ணே. ஒரு வாரம் நடந்தா பாதமே இருக்காது" என்றாள். கிரைண்டர் கழுவுகிற கொதிதண்ணீரை மூன்று நாள் அதில் ஊற்றியதும் ஓரம் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. கொதிதண்ணீர் தாங்குகிற கனமான சரக்கு வேறே இருக்கிறதாம். அதற்குத் தரை முழுக்கக் காய வேண்டும், பத்து நாளாவது கடையை மூட வேண்டும் என்றான். பத்து நாள் மாவு போகாவிட்டால் முப்பது கடையும் வேறு ஆளைப் பார்த்துவிடும். கதவுக்குப் பின்னால் இந்தத் தடவை "ஆமா மாப்ள" வரவில்லை. இருமல்தான் வந்தது.

அதற்குள் மாயக்காள் தன் போக்கில் ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். ஷெட்டுக்குப் பின்னால் டைல்ஸ், கடப்பாக் கல், சிமெண்டு என்று கிடைத்த துண்டுகளை வரிசையாக வைத்துத் தினமும் புளித்த மாவுத் தண்ணீரை ஊற்றினாள். சாமிக்கு அபிஷேகம் பண்ணுகிற மாதிரி ஒன்றையும் விடாமல் ஊற்றினாள். கறுகறுவென்றிருந்த கடப்பா பத்தே நாளில் என் தலை மாதிரி நரைத்துவிட்டது. மாதத்தில் பாதி போய்விட்டது.

ஒரு நாள் கிரைண்டருக்குள் கையை விட்டுக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"மதினி, இந்தக் கல்லு ரெண்டு வருசமா மாவுக்குள்ளதான கெடக்கு? இத ஏன் அது தின்னல?"

"அது கல்லுடி."

"கடப்பாவும் கல்லுதான?"

"அது பேருக்குக் கல்லு."

நான் சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். மேலூர் ரோட்டில் கிரானைட் கடை; கிரைண்டர் கல்லும் அந்த ஜாதிதானாம். கடைக்காரர் பளபளவென்று பாலிஷ் போட்ட பலகைகளைத் தடவித் தடவிக் காட்டினார்.

"பாலிஷ் போடாதது குடுங்கண்ணே. அறுத்தாப்புலயே சொரசொரன்னு இருக்கணும், ஆனா கால அறுக்கக் கூடாது."

"அத வாங்கி என்ன பண்ணப் போறீக? மாட்டுக்கொட்டம் போடப் போறீகளா?"

"ஆமாண்ணே. ஆறு பொம்பளைகளக் கட்டணும்."

அங்கேயே வெறுங்காலோடு கல் மேல் ஏறி நடந்தாள். தண்ணீரை ஊற்றி நடந்தாள். பிறகு முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்த தூக்குவாளியைத் திறந்து உளுந்து மாவை ஊற்றித் திரும்பவும் நடந்தாள். கடைக்காரர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

கல் கிடைத்துவிட்டது. மருமகனிடம் யார் சொல்வது? இரண்டு நாள் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினாள். அழகுமலைதான் தன்னை அறியாமல் அதற்கு வழி பண்ணினான். "பாண்டீஸ்வரி விழுந்தது ஓந் தரையில, பேத்தெடுக்குறதும் நீதான்" என்று அவனையே திரும்ப வரவழைத்திருந்தாள். அவன் கல்லைப் பார்த்துவிட்டு, "கல்லு சரிக்கா. சந்துக்கு என்ன வைக்க? சிமெண்டு வச்சா மறுபடி தின்னுரும்" என்றான். மாயக்காள் முகம் அப்படியே மலர்ந்தது. உடனே போனைப் போட்டாள்.

"மாப்ள, ஒங்க எபாக்சி இல்லாம இந்தத் தரை நிக்காதாம். கொத்தனாரே சொல்லிட்டாரு. நீங்கதான் வந்து அந்தக் கொதிதண்ணி தாங்குற சரக்க வச்சு சந்து பூராவும் அடைச்சுக் குடுக்கணும்."

இப்போது சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் அவன், "அத்தை ஷெட்டுக்கு எபாக்சி போட்டது நான்தான்" என்கிறான். நான் ஒன்றும் சொல்வதில்லை. மகன் முறையாயிற்றே.

ஷெட்டில் பாதியை ஒதுக்கிப் பாதியில் வேலை நடந்தது. இரண்டு கிரைண்டர் ஓடியது, இரண்டு ஓய்ந்தது. அழகுமலை கல்லைக் கையில் எடுக்கும் முன்பே, "அக்கா, வாட்டம்னா இந்தத் தடவ சாய்வுதான?" என்று கேட்டான்.

"சாய்வுதான். ஒனக்கு அம்சம் தோணுச்சுன்னா ஒங்க வீட்டுல போயிப் போட்டுக்க."

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் மூலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பாள். தண்ணீர் தயங்கினால் கல்லைப் பெயர்க்க வேண்டும். நாலு கல் பெயர்ந்தது. அழகுமலை எங்களுக்குக் கேட்காத மாதிரி எங்களைத் திட்டினான்.

சொன்ன தேதியில் ஆபீசரம்மா வந்தார்கள். வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அது வாய்க்காலில் விழுகிற வரை பார்த்தார்கள். பேனாவால் சந்தைச் சுரண்டினார்கள். பேனாதான் தேய்ந்தது. "லைசென்ஸ் வந்துரும்மா" என்றார்கள். மாயக்காள் அவர்களுக்கு டீ வாங்கி வரச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆனால் மாயக்காளுக்கு இன்னும் உயிர் திரும்பவில்லை. லைசென்ஸா மாவு ஆட்டப் போகிறது? கட்டுப் பிரித்த கையோடு பாண்டீஸ்வரி வாசலில் வந்து நின்றாள். மற்ற ஐந்து பேரும் வேலையை விட்டுவிட்டு அவள் காலையே பார்த்தார்கள்.

முதலில் கட்டை விரலால் கல்லைத் தடவினாள். பிறகு வெறுங்கையோடு ஒரு நடை. அப்புறம் காலி வாளியோடு ஒரு நடை. திரும்பி வந்து, "உளுந்து மாவு ஊத்துங்க" என்றாள். செல்லக்கிளி அரை வாளி ஊற்றினாள். "ஏன், எனக்கென்ன பாதிச் சம்பளமா?" என்று முழுசாக ஊற்ற வைத்தாள். இன்னொரு கரண்டி மாவைத் தானே தரையில் விட்டாள். நல்ல கையில் வாளியைத் தூக்கிக்கொண்டு அதன் மேலேயே மிதித்து நடந்தாள். மாயக்காள் இரண்டு கையையும் விரித்தபடி அவள் பின்னாலேயே போனாள்.

பாண்டீஸ்வரி பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"என்னக்கா, நடை பழகுற பிள்ளையா நானு? எதுக்குக் கைய விரிச்சுக்கிட்டு வார?"

"நீ விழுந்தா விழு. மாவப் பிடிக்கலாம்னு வாரேன்."

"பாத்தீகளாடி, ஒங்க முதலாளியம்மா லட்சணத்த?" என்று சொல்லி வாளியை எதிர்ச் சுவர் ஓரம் கொண்டுபோய் வைத்தாள் பாண்டீஸ்வரி. சேலையைத் தூக்கிச் செருகினாள். "அரிசி எம்புட்டு நேரமா ஊறுது? நொதிச்சுப் போகவா? போடுங்கடி கிரைண்டர!"

நாலும் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. மாயக்காள் மூலைக்குப் போய் சுவரைப் பார்த்து நின்று மூக்கைச் சிந்தினாள். நான் பார்த்துவிட்டேன். மிளகாய் நெடி என்றாள். மாவுக் கம்பெனியில் ஏது மிளகாய்?